அட்டையில் அச்சிடாத வசனம்

டிசம்பர் 31 இரவு எங்கள் பக்கத்து சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. பன்னிரண்டு மணிக்கு கோயில் மணி அடித்து, எல்லோரும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லி முடித்ததும், தட்டில் வாக்குத்தத்த அட்டைகளை அடுக்கிக்கொண்டு வருவார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் நமக்கென்று கொடுத்த வசனம் அது. பிறகு பைபிளுக்குள்ளோ பீரோ கண்ணாடியிலோ அடுத்த டிசம்பர்வரை இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் அப்பாவுக்காக நான் எடுத்த அட்டையில் இருந்தது பிலிப்பியர் 4:13. கிறிஸ்து தருகிற பலத்தால் எதையும் தாங்க முடியும் என்று பவுல் சொல்கிற இடம். கீழே சிறகை விரித்த ஒரு கழுகின் படம். அப்பாவுக்கு அப்போது டயாலிசிஸ் தொடங்கி இரண்டு மாதம். கட்டிலிலிருந்து எழுந்து கழிப்பறைவரை போகவே ஆள் பிடிக்க வேண்டும். அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "கழுகு நல்லாருக்கு மக்களே" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை அந்த அட்டைக்கு எதிரானது. வசனத்துக்கு எதிரானது அல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு மூன்று வருஷம் ஆனது.

டயாலிசிஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கையில் இரண்டு பெரிய ஊசிகளைக் குத்தி, ஒன்றின் வழியாக ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, இன்னொன்றின் வழியாகத் திருப்பி அனுப்புவார்கள். குடிக்கிற தண்ணீருக்குக் கணக்கு. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரருக்கு ரசம் கணக்கு, கட்டன் சாயா கணக்கு, இளநீருக்கு முழுத் தடை. மே மாதத்தில் அப்பா ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் தாகம் என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் தெரியும். இயந்திரச் செலவு அரசுக் காப்பீட்டில் போய்விட்டது. ஆட்டோவும் சில ஊசிகளும் பரிசோதனைகளும் கைக்காசு. நான் சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தேன்.

அந்த நாட்களில் வீட்டுக்கு இரண்டு வகையான ஆட்கள் வந்தார்கள்.

முதல் வகை, சுகம் தருகிறவர்கள். ஒரு பாஸ்டர் அப்பாவின் தலையில் கைவைத்து அரை மணி நேரம் ஜெபித்தார். கிட்னி புதிதாகச் சிருஷ்டிக்கப்படட்டும் என்று கட்டளையிட்டார். அடுத்த மாத ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் இறங்கவில்லை என்றதும் அவருடைய கேள்வி மாறியது. "வீட்டுல ஏதாவது அறிக்கை பண்ணாத பாவம் இருக்கா பிரதர்?" அம்மா அன்றைக்கு இரவு முழுக்கத் தூங்கவில்லை. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு நாத்தனார் சண்டையை நினைத்து அழுதுகொண்டிருந்தாள்.

இரண்டாம் வகை, ஸ்தோத்திரம் சொல்லச் சொல்கிறவர்கள். இவர்கள் சுகம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டார்கள். "எல்லாம் அவரு சித்தம் அண்ணாச்சி. முறுமுறுக்கப்பிடாது. மனரம்மியமா இருங்க." சொல்லிவிட்டு சாயாவையும் முறுக்கையும் முடித்துக்கொண்டு கிளம்புவார்கள்.

பார்த்தால் இவர்கள் இரண்டு துருவம். ஒருவர் கேள், கிடைக்கும் என்கிறார். மற்றவர் கேட்காதே, அதுவே பக்தி என்கிறார். ஆனால் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு வசதி இருக்கிறது. இரண்டு பேருமே எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒருவருக்குக் குறை உங்கள் விசுவாசத்தில். மற்றவருக்குக் குறை உங்கள் முறுமுறுப்பில். ஆட்டோவுக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வி இரண்டு இறையியலிலும் எழுவதே இல்லை.

கோபத்தில் ஒருநாள் அந்த நிருபத்தை முதலிலிருந்து படித்தேன். நான்கே அதிகாரம். அரை மணி நேரம்கூட ஆகாது. நாற்பது வருஷம் பிரசங்கம் செய்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டது எப்படி என்று இன்றைக்கும் புரியவில்லை.

முதல் விஷயம், மனரம்மியம் என்ற அந்தச் சொல்லைச் சொல்கிறவர் கைதி. விலங்கில் இருக்கிறார், உயிரோடு வெளியே வருவோமா என்று அவருக்கே உறுதி இல்லை. அவர் அதைத் தன்னைப் பற்றித்தான் சொல்கிறார். பட்டினியில் கிடக்கும் இன்னொருவரைப் பார்த்து நீ மனரம்மியமாயிரு என்று அந்த இடத்தில் அவர் சொல்லவில்லை. துன்பப்படுகிறவர் தன் வாயால் சொன்னால் அது சாட்சி. பக்கத்தில் நிற்கிறவர் சொன்னால் அது வாயை மூடு என்பதன் மரியாதையான வடிவம்.

இரண்டாவது, அது ஒரு நன்றிக் கடிதம். பிலிப்பி பட்டணத்துச் சபையார் சிறையிலிருக்கும் பவுலுக்கு உதவி அனுப்பியிருக்கிறார்கள். கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து வந்த இடத்தில் நோயில் விழுந்து சாகிற நிலைக்குப் போய்ப் பிழைத்திருக்கிறார். கொடுத்தவர்கள் பணக்காரர்களும் இல்லை. மக்கெதோனியாச் சபைகள் கொடிய தரித்திரத்திலிருந்து கொடுத்ததாகப் பவுலே கொரிந்தியருக்கு எழுதுகிறார். பிலிப்பி அந்த மக்கெதோனியாவில்தான் இருக்கிறது.

மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. அட்டையில் இருக்கும் 13ஆம் வசனத்துக்கு அடுத்து 14ஆம் வசனம் இருக்கிறது. அதில் பவுல் சொல்வது, ஆனாலும் நீங்கள் என் கஷ்டத்தில் பங்கெடுத்தது நல்ல காரியம் என்று. எனக்கு எதையும் தாங்கப் பலம் உண்டு என்று சொன்ன மூச்சிலேயே, நீங்கள் வந்து நின்றது நல்லது என்கிறார். அதற்குப் பிறகு யார் எப்போது கொடுத்தார்கள், எத்தனை முறை அனுப்பினார்கள் என்று கணக்கு. எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று அவர் எழுதுகிற கிரேக்கச் சொல், அந்தக் காலத்து வியாபாரிகள் பணம் வந்து சேர்ந்ததற்குக் கொடுத்த ரசீதில் எழுதிய சொல்.

மனரம்மியம் என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்வதற்குப் பின்னாலுள்ள கிரேக்கச் சொல்லுக்குத் தன்னிறைவு என்று அர்த்தம். ஸ்டோயிக் தத்துவக்காரர்களுக்குப் பிரியமான சொல். ஞானிக்கு வெளியிலிருந்து எதுவும் தேவைப்படாது என்பது அவர்கள் கொள்கை. பவுல் அந்தச் சொல்லை எடுத்து அதன் முதுகெலும்பை மாற்றுகிறார். என் நிறைவு என்னுடையதல்ல, இன்னொருவரிடமிருந்து வருகிறது என்கிறார். கூடவே மனிதர்கள் அனுப்பியதற்கும் ரசீது எழுதுகிறார். நம் ஆட்கள் செய்வது இதற்கு நேர் தலைகீழ். 14ஐ வெட்டிவிட்டு 13ஐ மட்டும் அட்டையில் அடித்து, பவுலைத் திரும்பவும் யாரும் தேவையில்லாத ஸ்டோயிக் ஆக்கிவிட்டார்கள்.

பைபிள் இதில் கறாரான புத்தகம். உடுத்தத் துணியும் அன்றாடச் சாப்பாடும் இல்லாதவனிடம், கொடுப்பதைக் கொடுக்காமல் நல்ல வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புவதால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறது யாக்கோபின் நிருபம். யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்ததும் கெட்டது. கடைசியில் கடவுளின் கோபம் புலம்பின யோபுவின் மேல் இல்லை. கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய சிநேகிதர்கள் மேல்.

இதையெல்லாம் சொன்னால் கிறிஸ்தவர் அல்லாத என் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "எதுக்குடா இவ்வளவு வியாக்கியானம்? அபின்னு ஒத்துக்கிட்டுப் போ." இவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். நம்பிக்கையில் கிடைக்கிற நிறைவு மனிதரை மந்தமாக்கும், கேள்வி கேட்க விடாது என்பது அவர்கள் வாதம்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் மாவட்டத்துக் கடற்கரையில் என்ன நடந்தது? ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று ஊர் ஊராகப் பெண்கள் தேவாலயத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். டிசம்பர் 7ஆம் தேதி அதே ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தேடுதலைத் தீவிரப்படுத்து என்று கேட்டார்கள். பாதிரியார்களும் கூட இருந்தார்கள். ஜெபமாலை பிடித்த கையும் ரயிலை மறித்த கையும் வேறு வேறு கைகள் இல்லை. நாங்கள் அந்தச் சபை இல்லை, புராட்டஸ்டன்ட் வீட்டுக்காரர்கள். ஆனாலும் சொல்கிறேன்: நம்பிக்கை அவர்களைத் தூங்க வைக்கவில்லை. இரவு முழுக்க உட்காரத் தெம்பு கொடுத்தது, காலையில் எழுந்து நடக்கவும் தெம்பு கொடுத்தது. அபின் அப்படி வேலை செய்யாது.

இனி அப்பா.

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். நோய் வந்த பிறகும் ஒரு நோட்டு வைத்திருந்தார். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. ஒருநாள் மருந்துச் சீட்டைத் தேடும்போது அதைத் திறந்து பார்த்தேன். வரவுப் பக்கத்தில் ரூபாய்க் கணக்கு மட்டும் இல்லை. 'ஆட்டோ, திரும்பி வரும்போது காசு வாங்கவில்லை.' 'எதிர்வீட்டு மாமி, உப்பில்லாத தோசை, சட்னி தனியாக.' 'நர்ஸ் பிள்ளை, ஊசி ஒரே குத்தில்.' 'பக்கத்துக் கட்டில் பாய், இன்றைக்கு நான் அழுததைப் பார்க்காததுபோல் இருந்தார்.' பற்றுப் பக்கத்தில் ஒரு வரி: 'பாஸ்டர் வருகை, காணிக்கை 500, சாயா, பலகாரம்.'

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அப்பாவும் சிரித்தார். பிறகு நான் கேட்டேன், "அப்போ உங்களுக்கு மனரம்மியமா இருக்காப்பா?"

கொஞ்சம் யோசித்தார். "வலிக்குன்னு சொன்னா விசுவாசம் இல்லன்னு சொல்லுகான். வலிக்கலன்னு சொன்னா நான் பொய்யன். வலிக்கத்தான் செய்யுது மக்களே. ஆனா ராத்திரி இந்த நோட்ட எழுதும்போது, வரவு ஒருநாளும் வெறும் தாளா இருந்ததில்ல பாத்துக்கோ. யாரோ அனுப்புகான். அது போதும் எனக்கு."

அந்த 'யாரோ' யார் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

எனக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் பவுலும்கூட அதைக் கற்றுக்கொண்டதாகத்தான் சொல்கிறார். கற்றுக்கொண்டது என்றால் அதற்கு முன்பு தெரியாமல் இருந்தது என்றுதானே அர்த்தம்? தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் நடிக்கச் சொல்லும் பிரசங்கத்தைவிட, தெரியாது என்று ஒத்துக்கொள்கிற என் கோபம் அந்தப் பாடத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும் என்று நம்புகிறேன்.

போன வருஷ அட்டையில் வேறு வசனம் வந்தது. ஆனால் அப்பா பழைய கழுகு அட்டையைத் தூக்கிப்போடவில்லை. நோட்டுக்குள் வைத்திருக்கிறார். அதன் பின்பக்கம், வெறுமையாக இருந்த இடத்தில், கணக்கருக்கே உரிய குண்டு எழுத்தில் 4:14 என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

இந்த வாரம் நீங்கள் யாராவது ஒரு நோயாளியைப் பார்க்கப் போவதாக இருந்தால், வசனம் கொண்டுபோகாதீர்கள். அவரிடம் ஏற்கெனவே இருக்கும். உப்பில்லாத தோசை கொண்டுபோங்கள். இல்லையென்றால் சும்மா போய் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். வரவில் எழுதிக்கொள்வார்கள்.