ஒதுக்குப்புறம் என்பது யாருடைய விலாசம்?

எங்கள் வங்கிக் கிளைக்கு ஒரு பீரோ வாங்கணும்னாகூட மூன்று கொட்டேஷன் வேண்டும். மூன்றையும் கட்டம் கட்டி எழுதி, மேலாளர் கையெழுத்துக்கு வைப்பது என் வேலை. பத்து வருஷமாக இதைச் செய்கிறவன் சொல்கிறேன்: பட்டியலில் எந்தக் கட்டத்தைப் போடாமல் விட்டார்களோ, அங்கேதான் முடிவு ஒளிந்திருக்கும். யுரேனியச் சுரங்கக் கழிவை எங்கே போடலாம் என்று நிபுணர்கள் போடுகிற பட்டியலும் அதே ஜாதிதான்.

ஜார்க்கண்டில் ஜாதுகுடா. சந்தால், ஹோ மக்களின் மண். அங்கே தாது தரம் குறைந்தது. ஆயிரம் கிலோ கல்லை அரைத்தால் ஒரு கிலோ யுரேனியம்கூடத் தேறாது. மஞ்சள் பொடி ஹைதராபாத்துக்குப் போய்விடும். கல்லில் இருந்த கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு சக்கையோடு அங்கேயே தங்கிவிடும். கரடான மணலைச் சுரங்கப் பள்ளத்துக்கே திருப்பி அனுப்பி நிரப்புகிறார்கள். சரி, அது நல்ல வழிதான். ஆனால் ரேடியம் அதிகம் சேர்வது நைசான சேற்றில். அந்தச் சேறு குழாய் வழியாகக் குளத்துக்கு. குளத்தங்கரையில் ஊர்.

அந்தச் சேற்றை இருந்த இடத்திலேயே களிமண்ணும் கல்லும் போட்டு மூடலாம். தோண்டி எடுத்து, மனிதரும் ஆறும் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய்ப் புதைக்கலாம். முன்னது மலிவு, பின்னது செலவு. "அறிவியல்பூர்வமாகத் தேர்ந்தெடுத்தோம்" என்பார்கள். அப்படியா?

அமெரிக்காவில் மோவாப். கொலராடோ ஆற்றங்கரையில் 1 கோடியே 60 லட்சம் டன் சக்கை. அங்கேயே மூடுவதா, மூன்று இடங்களில் ஒன்றுக்கு மாற்றுவதா என்று ஒப்பிட்டார்கள். மூடுவதுதான் மலிவு. ஆனாலும் 2005இல் மாற்றுவது என்று முடிவெடுத்து, 2009லிருந்து ரயிலில் ஏற்றி 30 மைல் தள்ளிக் கொண்டுபோனார்கள். அந்த ஆற்றுத் தண்ணியை லாஸ் ஏஞ்சல்ஸ் குடிக்கிறதே! அந்தப் பட்டியலிலும் ஒரு இடம் யூட் பழங்குடிகளின் ஊருக்குப் பக்கத்தில் இருந்தது. கை எங்கே போகும் என்று நமக்குத் தெரியாதா? எதிர்த்தார்கள், அந்த மட்டில் தப்பித்தார்கள்.

ஜாதுகுடா தண்ணியை எந்தப் பெருநகரம் குடிக்கிறது? 1996 ஜனவரியில் சாட்டிகோச்சாவுக்கு எந்தப் பட்டியலும் வரவில்லை. புல்டோசர் வந்தது. மூன்றாவது குளத்துக்காக வீடுகளை இடித்தார்கள். 2004இல் உச்ச நீதிமன்றம், அணுசக்தித் துறை தந்த உறுதிமொழியை ஏற்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2006 டிசம்பரில் டுங்ரிடி பக்கம் சேற்றுக் குழாய் வெடித்து ஓடையில் கலந்தது.

ரேடியம் பாதியாகக் குறைய 1600 வருஷம். எங்கள் வங்கியில் வைப்புத்தொகைக்கு அதிகபட்சக் கெடுவே பத்து வருஷம்தான். அமெரிக்க விதிகூட மூடின மூடி ஆயிரம் வருஷம் தாங்கணும், குறைந்தது 200 வருஷமாவது தாங்கணும் என்கிறது. இருநூறாவது வருஷம் கரையில் விரிசல் விழுந்தால் போய்ப் பார்க்கப்போகிற அதிகாரி எவன்? பார்ப்பது அங்கே மாடு மேய்க்கிற பிள்ளையாகத்தான் இருக்கும்.

"ஜார்க்கண்டு விஷயம் நமக்கெதுக்கு தோழர்?" என்று கேட்டார் ஒரு நண்பர். கல்பாக்கம் உலையில் எரிந்ததில் அந்த மண்ணும் உண்டு. அவர் வீட்டு ஃபேன் சுற்றியதிலும்தான். அதைவிட முக்கியம், நிபுணர்கள் அடிக்கடி எழுதுகிற ஒரு சொல்: ஒதுக்குப்புறம். சுடுகாடு, குப்பைமேடு, சாக்கடை முடிகிற இடம் எல்லாம் ஊருக்கு ஒதுக்குப்புறம்தான். அங்கேதான் நம்ம சேரி இருக்கிறது. ஊர்க்காரன் நின்று பார்த்தால்தானே அது ஒதுக்குப்புறம்? எங்கம்மாவுக்கு அது வாசல்.

ஆகவே, பட்டியல் போடட்டும். ரகசியக் கோப்பில் வேண்டாம். சந்தாலியிலும் ஹோவிலும் எழுதிக் குளத்தங்கரையில் ஒட்டட்டும். செலவுக் கட்டத்துக்கு முன்னால் இன்னும் இரண்டு கட்டம் வேண்டும். அங்கே குடியிருக்கிறவர்கள் சம்மதித்தார்களா? இங்கே கொட்டு என்று கையெழுத்துப் போட்டவர் வீடு அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர்?