நண்டுக்கு வெந்நீர் வைக்காதீங்க!

1) நேற்று இரவு பத்தரை மணிக்கு நண்பர் ஒருவரிடமிருந்து போன். நானும் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவன் என்பதால் இந்த மாதிரி போன் வரும்.

"டாக்டர், டேங்க்ல நண்டு பூந்துடுச்சு. கல்லை எடுத்து ஒரு கொதி விட்டா செத்துடும்னு வீடியோல சொல்றாங்க. தண்ணி அடுப்புல இருக்கு. எவ்ளோ நேரம் கொதிக்கணும்?"

நான் சொன்னது: "முதல்ல அடுப்பை அணைங்க."

2) விஷயம் தெரியாதவர்களுக்கு: பவளத் தொட்டியில் 'லைவ் ராக்' என்று கல் வைப்போம். கடலில் கிடந்த கல். அதன் பொந்துகளில் புழு, நத்தை, கடற்பஞ்சு எல்லாம் உயிரோடு இருக்கும். டிக்கெட் எடுக்காமல் ஏறிய பயணி மாதிரி சில நண்டுகளும் கூடவே வந்துவிடும். ராத்திரி வெளியே வந்து நத்தையைத் தின்னும், பவளத்தைக் கிள்ளும்.

எரிச்சலாகத்தான் இருக்கும். ஒத்துக்கறேன்.

3) ஆனால் அதே கல்லில் இன்னொன்றும் ஒட்டியிருக்கலாம். சட்டைப் பட்டன் அளவுக்கு, கொத்துக் கொத்தாக, பூ மாதிரி விரியும் பாலிப்கள். ஜோவான்திட் என்பார்கள். பார்க்க அழகு. இவற்றில் சில வகைகளில், முக்கியமாக பாலிதோவா இனத்தில், பாலிடாக்சின் என்ற விஷம் உண்டு.

1971-ல் ஹவாய் விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்தார்கள். மனிதன் அறிந்த மிகக் கொடிய இயற்கை விஷங்களில் ஒன்று.

4) அது உடம்பில் என்ன செய்யும்?

நம் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் ஒரு பம்ப் இருக்கிறது. 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இதயம் துடிப்பதும் தசை அசைவதும் இதை நம்பித்தான். பாலிடாக்சின் போய் ஒட்டினால் அந்த பம்ப் மூடாத ஓட்டையாகிவிடும். உள்ளே இருக்க வேண்டியது வெளியே, வெளியே இருக்க வேண்டியது உள்ளே.

மாற்று மருந்து? கிடையாது.

5) "கொதிக்க வெச்சா விஷம் போயிடுமே டாக்டர்?"

போகாது. இது சூட்டுக்கு அசராத விஷம். கொதிக்கிற தண்ணீர் செய்வதெல்லாம் ஒன்றுதான்: கல்லில் இருந்ததை ஆவியோடு காற்றில் ஏற்றி உங்கள் நுரையீரலுக்குள் அனுப்பும்.

6) கற்பனை இல்லை. 2007-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒருவர், டேங்கில் மண்டிய பாலிப்களை அழிக்க வெந்நீர் ஊற்றினார். ஆவியை சுவாசித்தார். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் குறி வைத்தது பாலிப்பை, நம்ம ஆள் குறி வைத்தது நண்டை. ஆவிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

7) 2014-ல் அலாஸ்காவின் அங்கரேஜ் நகரில் அடுப்பே பற்ற வைக்கவில்லை. ஜோவான்திட்களை வீட்டுத் தொட்டியில் இறக்கியதற்கே குடும்பத்தில் பலருக்கு உடம்பு முடியாமல் போனது.

2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒருவர் டேங்கைச் சுத்தம் செய்தார். குடும்பமே ஆஸ்பத்திரியில். உதவிக்குப் போன அவசரப் பணியாளர்களும் கூடவே.

8) "நான் அஞ்சு தடவை கொதிக்க வெச்சிருக்கேன், ஒண்ணும் ஆகலையே" என்று கமென்ட் வரும். தெரியும்.

ஹெல்மெட் போடாமல் பத்து வருஷம் வண்டி ஓட்டியவரும் இதையேதான் சொல்வார். எல்லா ஜோவான்திட்டிலும் விஷம் இல்லை என்பது உண்மை. எதில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. அஞ்சு தடவை தப்பித்தது உங்கள் அறிவு அல்ல, அதிர்ஷ்டம்.

9) எனக்கு நிஜமான கோபம் அந்த வீடியோ ஆலோசனை மேல்தான். நோய் என்ன என்று பார்க்காமலேயே மருந்து. சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்கிற அதே மனநிலை.

முதலில் அது என்ன நண்டு என்று பாருங்க. கிளைப் பவளத்துக்குள் குடியிருக்கும் டிரபீசியா நண்டு, பவளத்தைத் தின்ன வரும் நட்சத்திர மீனையே விரட்டும் காவல்காரன். போர்சலின் நண்டு தண்ணீரில் மிதப்பதை வலை வீசிப் பிடித்துச் சாப்பிடும், யார் வம்புக்கும் போகாது. உடம்பெல்லாம் ரோமம், கொடுக்கு நுனி கறுப்பு என்றால் சந்தேகப்படலாம்.

10) சந்தேகம் உறுதியா? பிடிக்கும் வழி இதோ, செலவு பத்து ரூபாய் கூட ஆகாது.

ஒரு கண்ணாடி டம்ளர். உள்ளே ஒரு துண்டு இறால். விளக்கணைத்த பிறகு டம்ளரை நண்டின் பொந்துப் பக்கம் கல்லில் சாய்த்து வையுங்க. கல்லைப் பிடித்து ஏறி உள்ளே இறங்கும், வழவழ கண்ணாடியில் திரும்ப ஏற முடியாது. முதல் நாள் சிக்காவிட்டால் மறுநாள். பொறுமைதான் மருந்து.

11) கல்லில் பாலிப்பே இல்லை என்றால், கல்லை வெளியே எடுத்து பொந்துக்குள் சாதா சோடாவைப் பீய்ச்சலாம். நண்டு அலறிக்கொண்டு வெளியே ஓடிவரும். (பன்னீர் சோடா வேண்டாம்!)

பாலிப் இருந்தால், அல்லது தெரியவில்லை என்றால், கல் தொட்டிக்குள்ளேயே இருக்கட்டும். சுரண்ட வேண்டாம், பிரஷ் போட வேண்டாம், மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். கை விடும்போதெல்லாம் கையுறை, கண்ணாடி.

பிடித்த நண்டைக் கடலில் விடாதீங்க. எந்தக் கடலிலிருந்து வந்ததோ யாருக்குத் தெரியும். தனித் தொட்டியில் போடுங்க. சமைத்துச் சாப்பிடும் யோசனையும் வேண்டாம். இந்தக் கறுப்பு நுனி நண்டுக் குடும்பத்தில், சமைத்தாலும் போகாத விஷம் உள்ள இனங்கள் உண்டு.

12) ஏற்கெனவே கொதிக்க வைத்துவிட்டீர்களா? இருமல், மூச்சிரைப்பு, காய்ச்சல், குளிர், தசைவலி, வாயில் கசப்பு அல்லது உலோகச் சுவை, விரல் மரமரப்பு. இதில் எது வந்தாலும் வீட்டில் உள்ள எல்லோரும், நாய் பூனை உட்பட, உடனே வெளியே. நேராக ஆஸ்பத்திரி.

கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, கண் மருத்துவரிடம்.

13) இதுதான் முக்கியம். டாக்டரிடம் "காய்ச்சல், இருமல்" என்று மட்டும் சொல்லாதீங்க. சொன்னால் நாங்கள் வைரல் ஃபீவர் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவோம். "வீட்டில் கடல் டேங்க் இருக்கு, பாலிப் உள்ள கல்லைக் கொதிக்க வெச்சேன்" என்று சொல்லுங்க. போட்டோ காட்டுங்க. ஆக்சிஜன், இசிஜி, தசைக்கான ரத்தப் பரிசோதனை என்று எங்கள் வழியே மாறிவிடும்.

சக மருத்துவர்களுக்கு: வீடே ஒன்றாக இருமிக்கொண்டு வந்தால், மீன் தொட்டி இருக்கா என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்க.

14) நண்பரின் டேங்க் அப்டேட்: டம்ளர் வைத்திருக்கிறார். நண்டு இன்னும் சிக்கவில்லை. இன்று காலை ஒரு நத்தை குறைகிறதாம்.

போகட்டும். குறைந்தது நத்தைதானே.

அந்த வீடியோவை ஃபார்வர்ட் செய்தவர்களுக்கு இதையும் ஃபார்வர்ட் பண்ணுங்க.