முதலில் விளக்கின் நிறத்தைக் கேளுங்கள்



இணையம் வரவில்லை என்று புகார் செய்தால், சேவை மையங்கள் முதலில் சொல்வது 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பதுதான். பழுது கம்ப்யூட்டரிலா, தெருவிலா என்பதை மோடமே காட்டிவிடும். ஃபைபர் மோடத்தில் 'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பாக எரிந்தால், இழை வழியே ஒளி வந்து சேரவில்லை என்று பொருள்; கம்ப்யூட்டரைத் தட்டிப் பயனில்லை. அந்த விளக்கு எரியாமல், கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரி மட்டும் 169.254 என்று தொடங்கினால், மோடத்திடமிருந்து அதற்கு முகவரி கிடைக்கவில்லை, கோளாறு வீட்டுக்குள். அணைத்துப் போட்டாலே பல புகார்கள் தீர்கின்றன என்று நிறுவனங்கள் வாதிடலாம். தீரட்டும், அதற்கு முன் விளக்கின் நிறத்தைக் கேட்க அரை நிமிடம் ஆகுமா?

மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் பக்கம் இந்தக் கேள்வி இன்னும் அவசியம். மெட்ரோ இரண்டாம் கட்டம், மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய் என்று ஏதாவதொரு பள்ளத்துக்கு இங்கே குறைவில்லை. கேபிளைப் புதைத்தால் பொக்லைன் வெட்டும் என்பார்கள். மரத்திலும் தெருவிளக்குக் கம்பத்திலும் கட்டினால் என்ன ஆகும் என்பதை 2016 டிசம்பரில் வர்தா புயல் காட்டியது. புதைப்பதே மேல், தோண்டுமுன் சொல்லிவிட்டால். அதற்கென்றே மத்திய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யு டிக்' செயலியைத் தொடங்கியது: தோண்டப்போகிறவர் இடத்தைக் குறித்தால், அங்கே கேபிள் வைத்திருப்பவருக்குத் தகவல் போகும். வேலை தாமதமாகும் என்று ஒப்பந்ததாரர்கள் சொல்லக்கூடும். அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டும் நேரம் யார் கணக்கில் சேருகிறது? இந்தச் செயலியில் பதியாத எவருக்கும் சாலையை வெட்ட மாநகராட்சி அனுமதி தரக் கூடாது.

- ஒரு வாசகர், மயிலாப்பூர், சென்னை