அந்தத் தடவை தண்ணீர் ஏன் வரவில்லை?

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அக்கா கோவளத்துக்காரர். கேளம்பாக்கம் சுற்றி ஷேர் ஆட்டோ பிடித்து எட்டரைக்கெல்லாம் நாவலூர் வந்துவிடுவார். அன்னக்கூடையில் சங்கராவும் காரப்பொடியும் இருக்கும். வஞ்சிரம் விழுந்த நாளில் அடுக்குமாடிக்காரர்களுக்கு முதலிலேயே போன் போய்விடும், எனக்கு மிச்சம்தான். போன மாதம் சங்கராவுக்குச் செதிள் சீவிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்:

“டீச்சரம்மா, ஒண்ணு கேக்கறேன். மொதோ தபா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, தண்ணி வந்துச்சு. ரெண்டாந் தபா ஊரே ஓடு ஓடுன்னாங்க. சோத்த அப்படியே போட்டுட்டு ஓடனோம். ஒண்ணும் வரல. இனிமே சொன்னா ஓடணுமா, வேணாமா?”

நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பதில் தெரியும். ஆனால் கத்தியும் செதிளுமாக உட்கார்ந்திருக்கிறவருக்கு அதை எப்படிச் சொல்வது என்று அன்றைக்குத் தெரியவில்லை. “ஓடத்தான் வேணும்க்கா” என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அவர் சொன்ன முதல் தபா 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். இரண்டாவது 2012 ஏப்ரல் 11.

முதல் தபாவில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. மார்கழி, ஞாயிற்றுக்கிழமை. வாசல் தெளித்துப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். ஆறரை மணி இருக்கும். பக்கத்தில் வைத்திருந்த பக்கெட்டில் தண்ணீர் தானாக ஆடியது. கை படவில்லை, காற்றும் இல்லை. விளிம்புக்கும் விளிம்புக்கும் போய்வந்தது. நில அதிர்வு என்று புரிந்துகொண்டேன். உள்ளே போய்க் காபி போட்டேன், டிவியைப் போட்டேன், கோலத்தை முடித்தேன். அலைநீளம், அதிர்வெண், குறுக்கலை, நெட்டலை என்று ஆண்டு தவறாமல் கரும்பலகையில் எழுதிப் போட்டவளுக்கு, அந்தப் பக்கெட் ஆட்டத்துக்கும் நாலு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிற கடலுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. கடல் ஒன்பது மணியை ஒட்டித்தான் வந்தது. இரண்டரை மணி நேரம்!

என்னைப் போலத்தான் பெரிய இடங்களும் இருந்திருக்கின்றன. கார் நிகோபாரில் விமானப்படைத் தளம் மூழ்கிய பிறகும் நம் கரைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. அலை சென்னையைத் தொடுகிற நேரத்தில்தான் தில்லியில் ஒரு தொலைநகல் கிளம்பியது. அதுவும் பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சர் ஒருவரின் எண்ணுக்கு.

சரி, அக்காவின் கேள்விக்கு வருகிறேன். பதில் எனக்குக் கிடைத்தது பாடப்புத்தகத்திலிருந்து இல்லை. ஒரு மழை நாளில் நாவலூர் கடைத்தெருவில் கிடைத்தது. இரவு பெய்த மழையில் காய்கறிக் கடையின் நீலத் தார்ப்பாய் குளம் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஒரு கழியை எடுத்து அடியிலிருந்து ஒரே குத்தாக மேலே தூக்கினார். குத்திய இடத்துத் தண்ணீர் குன்றுபோல் எழும்பி இரண்டு பக்கமும் ஓடியது. தெருப்பக்கம் நின்ற நான் நனைந்தேன். முதலில் அவர் கழியைத் தார்ப்பாயின் அடியில் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தார், தண்ணீர் சும்மா சிலும்பியதோடு சரி. எவ்வளவு பலமாக இழுத்தும் வழியவில்லை.

2004இல் நடந்தது கழியை மேலே குத்தியது. சுமாத்ராவுக்கு மேற்கே, இந்தியத் தட்டு பக்கத்துத் தட்டுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்துகொண்டே இருக்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்ட இடத்தில் மேல் தட்டின் விளிம்பும் கூடவே கீழே இழுபடும். பல நூறாண்டு இழுபட்ட விளிம்பு அன்று காலை 6.29க்கு விட்டுக்கொண்டது. சுமாத்ராவில் தொடங்கிய கிழிசல் வடக்கே அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் பத்து நிமிடத்துக்குள் ஓடியது. அளவு 9.1. கடல் தரை சில மீட்டர் எழும்பியது. தரை எழும்பினால் அதன் மேல் நிற்கிற கிலோமீட்டர் கணக்கான தண்ணீரும் எழும்பித்தானே ஆக வேண்டும்? அந்தத் தண்ணீர் மேடு சரிந்து கிழக்கும் மேற்குமாக ஓடியது. கிழிசல் தெற்கு வடக்காகக் கிடந்ததால் வேகமெல்லாம் கிழக்கே தாய்லாந்துக்கும் மேற்கே இலங்கைக்கும் நமக்கும்தான். வடக்கே இருக்கிற வங்கதேசம் பெரும்பாலும் தப்பித்தது.

2012இல் கழி பக்கவாட்டில் இழுபட்டது. அளவு 8.6, அதுவும் பூதம்தான். ஆனால் தட்டின் இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தன. தரை பெரிதாக எழும்பவும் இல்லை, தாழவும் இல்லை. பிற்பகல் இரண்டு மணிக்குமேல் ராஜீவ் காந்தி சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எல்லாம் காலியாகி, கழுத்தில் அடையாள அட்டையோடு பிள்ளைகள் சாலையில் நின்றதை நாவலூர் பார்த்தது. கடற்கரைக் குப்பங்களிலிருந்து ஜனங்கள் கிளம்பினார்கள். சாயங்காலம் எச்சரிக்கை விலக்கப்பட்டது. நம் கரையில் தண்ணீர் ஏறியது கருவிகளுக்குத் தெரிகிற அளவுதான்.

ஆக, அந்த எச்சரிக்கை பொய்யில்லை. நிலம் அதிர்ந்த முதல் சில நிமிடங்களில் எவ்வளவு பெரிய அதிர்ச்சி, எந்த இடம் என்று தெரிந்துவிடும். தரை மேலே குத்தியதா, பக்கத்தில் நகர்ந்ததா, தண்ணீர் உண்மையிலேயே கிளம்பிவிட்டதா என்பது தெரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஐதராபாத்தில் 2007 அக்டோபர் முதல் இயங்குகிற எச்சரிக்கை மையம் இதற்காகக் கடலடியில் அழுத்தமானிகளை நம்பி இருக்கிறது. ஆழ்கடல் தரையில் கிடக்கும் அந்தக் கருவி, தலைக்குமேல் தண்ணீர் சில சென்டிமீட்டர் கூடினாலும் உணர்ந்து, மேலே மிதக்கும் மிதவை வழியாகச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும். அந்த மிதவைகளைப் பராமரிக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இங்கே பக்கத்தில், பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. மிதவை நிழலில் மீன் கூடும் என்பதால் படகைக் கொண்டுபோய் அதில் கட்டி, அது சேதமாவதும் உண்டு. அக்காவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “எங்க ஊட்டுக்காரரும் கட்டியிருப்பாரு.”

இன்னொன்றும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நடுக்கடலில் இருக்கிற படகுக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை? அன்று கடலில் இருந்தவர்கள் வலையோடு திரும்பி வந்துதான் கரை இல்லாததைப் பார்த்தார்கள். நில அதிர்ச்சிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து வங்கக் கடலைக் கடந்த ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்தபோது அலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். முழங்காலைத் தாண்டுகிற உயரம், ஆனால் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். காற்று கிளப்புகிற அலை மேல் தண்ணீரை மட்டும் அசைக்கும். இது அடித்தரையிலிருந்து மேல்மட்டம் வரை மொத்தக் கடலையும் அசைத்துக்கொண்டு போகும். அதன் வேகத்தை ஆழம்தான் தீர்மானிக்கிறது. நாலு கிலோமீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர், விமான வேகம். பத்து மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 36 கிலோமீட்டர்.

வேகம் குறைந்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். நாவலூர் சுங்கச்சாவடி 2023 வரை இருந்ததே, நினைவிருக்கிறதா? முன்னால் போகிற கார் ஊர்ந்தால் பின்னால் எண்பதில் வருகிறவை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அரைக் கிலோமீட்டருக்குப் பரவி வந்த வண்டிகள் ஐம்பது மீட்டருக்குள் அடையும். கார் காரின் மேல் ஏறாது. தண்ணீர் ஏறும். முன்பகுதி கரையோரத்தில் தடுமாற, பின்பகுதி ஆழக்கடல் வேகத்திலேயே வந்து முட்ட, நீளத்தில் குறைந்ததெல்லாம் உயரத்தில் கூடும்.

ஆழிப்பேரலை என்று நாளிதழ்கள் எழுதுகிற சொல் அழகானது. எனக்கு அதில் ஒரு குறை உண்டு. பேரலை என்றதும் பனைமர உயரத்துக்குச் சுருண்டு விழுகிற அலையைத்தான் மனம் தேடும். அக்காவின் வார்த்தை சரி: “அலையா? கடலே எழுந்து நடந்து வந்துச்சும்மா.” வந்தது நின்றுவிடவும் இல்லை. பல நிமிடங்களுக்கு வந்துகொண்டே இருந்தது, வாரிக்கொண்டு போனது, மறுபடி வந்தது. கடல் உள்வாங்கியபோது வெளிப்பட்ட பாறை வரிசைகளைப் பார்த்ததாக மாமல்லபுரத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். அந்தத் தண்ணீர் அரித்த சாளுவன்குப்பத்து மணலுக்கு அடியில்தான், 2005இல் தொல்லியல் துறை பழைய முருகன் கோயிலைத் தோண்டி எடுத்தது. செய்தியில் அதுதான் பெரிதாக வந்தது. ஆனால் ‘கடல் உள்வாங்கினால் ஓடு’ என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது ஆபத்து. தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் உள்வாங்கியது. நம் பக்கம் வந்தது மேடு. சென்னைத் துறைமுகக் கருவி முதலில் பதிவு செய்தது ஏற்றத்தைத்தான். உள்வாங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் அன்று ஏறத்தாழ 8,000 பேர் போனார்கள். அதில் 6,000க்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டம். கணக்கை ஒட்டி இன்னொரு ஊரையும் சொல்ல வேண்டும். புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்து ஊருக்குப் போன் போட்டார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் ஓடியது, பிழைத்தது. செயற்கைக்கோள் இல்லை, மிதவை இல்லை. ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி. சுமாத்ராவுக்குப் பக்கத்திலேயே சிமுலு என்ற தீவு. 1907இல் அங்கே ஒரு சுனாமி வந்தது. அந்த அனுபவத்தைப் பாட்டிமார் தாலாட்டாகவும் கதையாகவும் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். 2004இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் அங்கே இறந்தவர்கள் ஏழு பேர்.

நாம் என்ன செய்கிறோம்? டிசம்பர் 26 அன்று கடலில் பால் ஊற்றுகிறோம், மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. அன்றைக்கே, அதே காலையில், குப்பங்களில் ஓர் ஓட்டப் பயிற்சி வைத்தால் என்ன? ஒடிசாவில் இரண்டு கடலோரக் கிராமங்கள் இப்படிப் பயிற்சி எடுத்து, வழி குறித்து, 2020இல் யுனெஸ்கோவின் சுனாமித் தயார்நிலைச் சான்று பெற்றன. பிறகு மேலும் பல கிராமங்கள். நாம் 8,000 பேரைக் கொடுத்தவர்கள்.

பயிற்சி வைத்தால்தான் இந்தப் பக்கத்துச் சங்கடமும் தெரியவரும். கடற்கரைக்காரர்களை மேற்கே ஓடச் சொல்கிறோம். மேற்கே என்ன இருக்கிறது? கிழக்குக் கடற்கரைச் சாலை, அதைத் தாண்டினால் பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காட்டுக் கழி. நாவலூருக்கு நேர் கிழக்கே இருக்கிற கானாத்தூருக்குப் போக நான் வடக்கே சோழிங்கநல்லூர் போய்த் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் தெற்கே கேளம்பாக்கம் போய்ச் சுற்ற வேண்டும். மெட்ரோ வேலை நடக்கிற சாலையில் அது எத்தனை நேரம் என்பது இந்தப் பக்கத்து வாசகர்களுக்குத் தெரியும். கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே இருக்கிற அந்த மணல் திட்டில் ஒரு லட்சம் பேர் ஒரே நேரத்தில் வண்டியைக் கிளப்பினால் யாரும் எங்கும் போக மாட்டார்கள். (சுனாமியில் வீடு போனவர்கள் பலரைக் கொண்டுபோய் வைத்த செம்மஞ்சேரி இந்தப் பக்கம்தான் இருக்கிறது. கடல் அங்கே வராது, மழைத் தண்ணீர் வருகிறது. அதற்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும்.)

மேற்கே வழி இல்லையென்றால் மேலே போகலாம். 2004இல் நம் கரையில் தண்ணீர் ஏறிய உயரம் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து மீட்டர். உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு மேல் நின்றால் போதும். அப்படிப்பட்ட கட்டடங்களுக்கு அந்தச் சாலையில் பஞ்சமா என்ன? விடுதிகள், கல்லூரிகள், கேளிக்கைப் பூங்காக்கள், வார இறுதிக்கு மட்டும் விளக்கெரிகிற பங்களாக்கள். எந்தக் குப்பத்துக்கு எந்தக் கட்டடம் என்று மாவட்ட நிர்வாகம் ஊர்ப் பஞ்சாயத்துகளோடு உட்கார்ந்து எழுதி, சுவரில் அம்புக்குறி வரைய ஒரு மாதம் போதும். பாலம் கட்ட ஆகிற செலவில் தூசுகூட ஆகாது.

போன வாரம் அக்காவைத் திண்ணையில் உட்காரவைத்து, பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றில் ரெண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி, அடியில் துடைப்பக் கட்டையால் குத்திக் காட்டினேன். பிறகு இழுத்துக் காட்டினேன். இரண்டு முறை அவரே செய்து பார்த்தார். புடவை நனைந்தது. “சரி, ஓடறேன். ஆனா எங்கூட்டுக்கு எதுத்தாப்புல மூணு மாடி பங்களா இருக்குதே, அந்த வாட்ச்மேன் கேட்டையே தொறக்க மாட்டாம்மா” என்றார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாடி வீடோ விடுதியோ வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து உங்கள் வாட்ச்மேனிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். சுனாமி எச்சரிக்கை வந்தால் யார், எவர் என்று கேட்காமல் கேட்டைத் திறந்து மொட்டை மாடிச் சாவியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.