கியூடெக்ஸ் போத்தலுக்கு வெயில் ஆகாது

போன மாதம் மருதமுனையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பொண்ணு சோடிக்கப் போயிருந்தேன். பொண்ணின் தங்கச்சி தன் லாச்சியிலிருந்து ஒரு கியூடெக்ஸ் போத்தலை எடுத்து நீட்டினாள். மூடியைத் திருகினேன், அசையவில்லை. துவாயால் பிடித்துத் திருகிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. பக்கத்திலிருந்த அவளுடைய மாமி அதை வாங்கிக் கதவிடுக்கில் வைத்து ஒரு நெரி நெரித்தார். மூடி கையோடு வந்தது. தூரிகை கழன்று, பசைக்குள் நட்ட கம்பு மாதிரி உள்ளேயே நின்றது.

"மூணு மாசத்துக்கு முந்தித்தான் வாங்கின ராத்தா. அதுக்குள்ள இப்பிடிக் கட்டிபட்டுப் பெய்த்து."

நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று எந்த ஊருக்குச் சோடிக்கப் போனாலும் இந்தக் கதையைக் கேட்காமல் நான் திரும்பியதில்லை. பெட்டியில் நெயில் பொலிஷ் என்று எழுதியிருந்தாலும் எங்களுக்கு அது கியூடெக்ஸ்தான். 1911இல் அமெரிக்காவில் நகத்தோரத் தோலை இளக்குகிற ஒரு திரவத்துக்கு வைத்த வியாபாரப் பெயர் அது. கம்பனி எதுவானாலும் இலங்கையில் எல்லாப் போத்தலுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

எங்கள் ஊர்களில் இது பாதிப் போத்தலோடு காய்ந்து போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஐந்து நேரமும் தொழுகிறவர்கள் நாங்கள். நகத்தின் மேல் படலம் இருந்தால் தண்ணீர் நகத்தில் படாது, தொழுகைக்கு முன் கழுவுகிற வுழூ கூடாது. மருதோன்றிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது நகத்தில் ஊறிப் பிடிக்கிற சாயம், மேலே படலம் விடாது. கியூடெக்ஸைத் தொழுகை இல்லாத நாட்களில் பூசுவோம், அல்லது கல்யாண வீட்டுக்குப் போய் வருகிற நாலு மணி நேரத்துக்குப் பூசி அழிப்போம். மாதத்தில் ஐந்தாறு நாள் பாவிக்கிற போத்தல் மிச்ச நாளெல்லாம் லாச்சியில் கிடக்கிறது. ஆகவே பூசத் தெரிவதைவிட எடுத்து வைக்கத் தெரிவதுதான் எங்களுக்கு அவசியம். அதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

(தண்ணீர் உள்ளே போகும் என்று சொல்லி விற்கிற கியூடெக்ஸும் இப்போது உண்டு. போலந்து நாட்டு இங்லொட் கம்பனி கொண்டுவந்த ஒரு சரக்கோடு தொடங்கிய பேச்சு அது. கூடுமா கூடாதா என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். நான் சோடிக்கிற பொண்ணுகளுக்கு, தொழுகைக்கு முன்னம் அழித்துவிடு என்றுதான் சொல்லி வருகிறேன்.)

போத்தலை எடுத்து வைக்கிற விதத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் என் வீட்டுக்காரர். அவர் தளபாடம் செய்கிறவர். அலுமாரிக்கு லாக்கர் அடித்து முடிந்ததும், டின்னின் வாயைச் சுற்றியிருக்கிற பள்ளத்தைத் தின்னர் நனைத்த துணியால் ஒரு சுற்றுத் துடைப்பார். பிறகுதான் மூடியை வைத்து மரச்சுத்தியலால் நாலு பக்கமும் மெல்லத் தட்டுவார். பல வருடங்களுக்கு முன் ஒருநாள், நான் பூசிவிட்டுப் போத்தலை அவசரமாக மூடியதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "வாயத் துடைக்காம மூடுறாய் புள்ள, அடுத்த முறை உளி எடுத்துத்தான் திறக்கணும்" என்றார். சிரித்துவிட்டு விட்டேன். இரண்டு கிழமையில் அவர் சொன்னதுதான் நடந்தது.

அவருடைய லாக்கரும் என்னுடைய கியூடெக்ஸும் ஒரே குடும்பம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டிலும் அடிச்சரக்கு நைட்ரோசெலுலோஸ். பஞ்சை நைத்திரிக் அமிலத்தில் பதப்படுத்தி எடுப்பது. நைட்ரஜன் கூடினால் வெடிமருந்து, அளவோடு நின்றால் பூச்சு. 1920களில் அமெரிக்காவில் கார்களுக்கு அடித்த சீக்கிரம் காயும் பெயின்டும் இதுவே. கியூடெக்ஸில் இதை எதைல் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைத்து, நிறமும் பளபளப்பும் சேர்க்கிறார்கள். நகத்தில் பூசியதும் கரைப்பான் பறந்துவிடும், படலம் மிஞ்சும். காய்வது என்றால் அவ்வளவுதான். வாயிடுக்கில் மயிரிழை வழி கிடைத்தாலும் போத்தலுக்குள்ளே அதே வேலை நடக்கும்.

கட்டிபட்ட கியூடெக்ஸ் கெட்டுப்போனது என்று சட்டென்று எறிய வேண்டியதில்லை. பெரும்பாலும் அது கரைப்பானை இழந்திருக்கிறது, அவ்வளவே. இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் இளகும். எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் நாங்கள் பிழை விடுகிறோம்.

நானே விட்ட பிழை இது. தொழில் தொடங்கிய புதிதில், கட்டிபட்ட சிவப்புப் போத்தல் ஒன்றுக்குள் கியூடெக்ஸ் அழிக்கிற ரிமூவரை ஊற்றிக் குலுக்கினேன். உடனே தண்ணீர் மாதிரி இளகியது, எனக்கும் பெரிய சந்தோசம். பொண்ணுக்குப் பூசினால் ஒரு விரலில் கோடு கோடாக நிற்கிறது, இன்னொன்றில் திட்டுத் திட்டாக. மினுக்கமே இல்லை. வலீமா விருந்து வரைக்கும்கூடத் தாங்கவில்லை, உரிந்துவிட்டது. ரிமூவரில் இருக்கிற அசிற்றோன் அளவுக்கு மீறி வேகமாகப் பறக்கிறது. பல ரிமூவர்களில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும். நைட்ரோசெலுலோஸ் தண்ணீரில் கரையாது, திரிந்துவிடும். அதற்குப் பிறகு வீட்டுக்காரரின் தின்னரை எடுத்து ஊற்றிப் பார்த்தேன். அது மரத்துக்குரியது. அதில் தொலுயீன் போன்றவை இருக்கும். அந்த மணத்திலேயே எனக்குத் தலையிடி வந்துவிட்டது. தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

நெயில் பொலிஷ் தின்னர் என்றே தனியாகச் சிறிய போத்தல் விற்கிறது. கியூடெக்ஸில் இருக்கிற அதே அசிட்டேட்டுகள்தான் அதிலும். இரண்டு மூன்று துளி விட்டு, மூடி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் புட்டு மாவுக்குக் கை உருட்டுவதுபோல மெதுவாக உருட்டுங்கள். குலுக்கினால் காற்றுக் குமிழி ஏறும், பூசும்போது நகத்தில் பரு மாதிரித் தெரியும். போத்தலுக்குள் கிலுகிலுக்கிற சின்ன உருண்டை இருந்தால் அது அடியில் இறங்கிய நிறத்தைக் கலக்கிவிடும். ஒரு தடவை இளக்கலாம், இரண்டாம் தடவையும் இளக்கலாம். நிறமும் திரவமும் பிரிந்து, உருட்டியும் சேராவிட்டால் அப்போது எறிந்துவிடுங்கள்.

ஆனால் இளக்கும் நிலைக்கு வரவிடாமல் வைப்பதே கெட்டித்தனம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஈரத் துணி அரை மணியில் மொறுமொறுக்கிற ஊர் இது. அந்தக் காற்றில், மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, மருதோன்றி இரவில் பத்துப் பிள்ளைகள் ஒரு போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு கதையடித்துக் கதையடித்துப் பூசினால் அது என்னவாகும்? ஒரு கைக்குப் பூசி முடிந்ததும் மூடுங்கள். எடுத்து வைக்குமுன் பஞ்சில் ரிமூவர் தொட்டுப் போத்தலின் கழுத்தையும் மூடியின் உள்விளிம்பையும் துடையுங்கள். படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். படுத்தால் சரக்கு மூடிக்குள் ஊறி ஒட்டிவிடும். அப்படி ஒட்டினால் கதவிடுக்குத் தேவையில்லை. சுடுதண்ணீரில் மூடியை மட்டும் இரண்டு நிமிடம் பிடித்துவிட்டுத் திருகினால் வரும். அதையும் அடுப்படியில் நின்று செய்யாதீர்கள், கியூடெக்ஸ் நெருப்பைக் கண்டால் பிடிக்கிற சாமான்.

பிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் நிறையப்பேர். குளிரில் கரைப்பான் குறைவாகப் பறக்கும் என்பது உண்மை. ஆனால் எடுத்தவுடன் பாகு மாதிரி இருக்கும், அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். மீனும் பாலும் இருக்கிற இடத்தில் அதன் வாடை எதற்கு? 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போனபோது பிரிட்ஜை நம்பி வைத்தவைக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அலுமாரியின் கீழ்த்தட்டு, மூடி போட்ட ஒரு பிஸ்கட் டின், அது போதும். என்னுடையவை அப்படித்தான் இருக்கின்றன. அதே வருடம் ஆகஸ்டில் அழகுசாதனம் உட்பட முந்நூறு வகைப் பொருட்களின் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தி வைத்தபோது, அந்த டின்னில் இருந்த பழைய போத்தல்களை வைத்துத்தான் நான் கல்யாணங்களைச் சமாளித்தேன்.

இவ்வளவும் வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியது. மருதமுனைப் பிள்ளையின் போத்தல் மூன்று மாதத்தில் அப்படி ஆனதற்கு அவள் மட்டும் பொறுப்பில்லை என்பது என் எண்ணம். எங்கள் ஊர்ப் பிரதான வீதியில் நடந்து பாருங்கள். எத்தனையோ பென்சிக் கடைகளில் கியூடெக்ஸ் தட்டு வீதியைப் பார்த்த கண்ணாடிக்குள்தான் நிற்கிறது. வெயில் ஏற ஏற அந்தக் கண்ணாடிக்குள் சூடு அடைபடுகிறது. நிறம் வெளுக்கிறது, நிறமில்லாத பூச்சு மஞ்சளாகிறது, வாங்கும் முன்னமே கரைப்பான் குறைகிறது. நாங்கள் முழுக் காசு கொடுத்து அரை உயிர்ப் போத்தலை வாங்கிவருகிறோம்.

கடைக்காரத் தம்பிமாரே, அந்தத் தட்டை நிழலுக்கு மாற்றுங்கள், மாதிரிக்கு வெறும் போத்தல்களை வீதிப்பக்கம் வையுங்கள். கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகும்போது பதினைந்து மில்லிப் போத்தலோடு ஐந்து மில்லிப் போத்தலும் கொஞ்சம் எடுத்து வாருங்கள். மாதத்தில் ஐந்து நாள் பூசுகிற எங்களுக்கு அது தாராளம். நாங்கள் வாங்குவோம்.