சேர்ந்திருத்தலும் காரணமாதலும்

ஆட்டிசம் என்பது நோயன்று. பிறரோடு பழகுவதிலும் கருத்தை உணர்த்துவதிலும் மாறுபட்டு அமையும் இயல்பு. அவ்வியல்புடைய மகனோ மகளோ, தம் பாலினத்தைப் பற்றியோ மனத்தின் ஈர்ப்பைப் பற்றியோ வாய் திறந்தால், "இது பிள்ளையின் பேச்சன்று, ஆட்டிசத்தின் பேச்சு" என்று வாயடைப்போர் நம்மிடையே பலர். இதற்கு ஆராய்ச்சியையும் அவர்கள் சான்றாகக் காட்டுகின்றனர்.

அச்சான்றுதான் யாது? 2020-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்தனர். பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு தம்மைப் பொருத்திக் காணாதவரிடையே ஆட்டிசம் ஏனையோரைவிட 3 முதல் 6 மடங்கு மிகுதி எனக் கண்டனர். ஆயினும் ஒன்று மற்றொன்றை விளைவித்தது என அவ்வாய்வு நிறுவவில்லை. இரண்டு சேர்ந்திருத்தல் வேறு, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாதல் வேறு என்பதை மன்திக் ஓதும் இளம் மாணவனும் அறிவான். காரணமென்றே கொண்டாலும், சொன்னவர் சொல் பொய்யென்பது எவ்வாறு பெறப்படும்? பல் வலிக்கிறது என்று அதே பிள்ளை சொன்னால் நாம் நம்புகிறோமல்லவா?

இவ்விரு சாராரையும் ஒரே பட்டறையில் தட்டி நிமிர்த்த முயன்ற வரலாறும் உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐவர் லோவாஸ் என்னும் உளவியலறிஞர், 1960-களில் ஆட்டிசமுடைய சிறுவரை அடியாலும் மின்னதிர்ச்சியாலும் பழக்க முனைந்தார். அவரே 1974-இல் ஜார்ஜ் ரெக்கர்ஸ் என்பாருடன் சேர்ந்து, பெண்மைச் சாயல் கொண்ட ஐந்து வயதுச் சிறுவனை மாற்றிவிட்டதாகக் கட்டுரை வெளியிட்டார். பெண்போல் நடந்தால் சிவப்பு வில்லை. அதன் பலனாகத் தந்தையின் கையால் அடியும் உண்டு. இதுவே அவர்கள் கண்ட சிகிச்சை! அக்கட்டுரையை வெளியிட்ட ஏடே 2020-இல் அதனைக் குறித்துக் கவலை தெரிவிக்க நேர்ந்தது. பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் மருத்துவத்தால் மாற்ற முயல்வதைச் சென்னை உயர்நீதிமன்றமும் 2021-இல் தடை செய்தது.

பெற்றோர்களே! பிள்ளை சொல்வது அனைத்தையும் அன்றே முடிந்த முடிபாகக் கொள்ளுங்கள் என நாம் கூறவில்லை. பொறுமையோடு கேளுங்கள், வினவுங்கள், காலம் கொடுங்கள். தெளிந்த மருத்துவரின் துணையும் தேவையானால் நாடுங்கள். ஆனால் ஆட்டிசத்தைக் காட்டி அப்பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். தம் உள்ளத்தைச் சொல்லாக்கவே அவர்களுட் பலர் பெரும்பாடு படுகின்றனர். அவ்வாறு அரிதிற் பிறந்த சொல்லைக் கேளாது தள்ளிவிட்டால், மறுமுறை அவர்கள் யாரிடம் சொல்வார்கள்?