தையல் பிரித்த பின்னும் தொடரும் வலி

இடுப்பு மூட்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பிய ஒருவரைக் காண்போர் கேட்கும் கேள்வி, "இன்னுமா வலிக்கிறது?" என்பதுதான். முதல் மாதத்தில் இக்கேள்வி பரிவுடன் கேட்கப்படுகிறது. மூன்றாம் மாதத்தில் வியப்புடன். ஆறாம் மாதத்திலோ ஐயத்துடன். இந்த ஐயம் நமது கூட்டுறவுச் சங்கங்களின் அலுவலகத்திலும் நிர்வாகக் குழுவிலும் இடம் பெறலாகாது என்பதே நமது அபிப்பிராயம்.

இதை எழுத நமக்குள்ள காரணத்தை முதலில் கூறிவிடுதல் நேர்மையாகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்தபோது, இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் மீண்டும் பாவு வாங்கிய அங்கத்தினர் ஒருவர், துணியை மிகவும் தாமதித்துக் கொடுத்து வருவதைக் கண்டோம். "காலதாமதத்துக்கு விளக்கம் பெறுக" என்று குறிப்பு எழுதினோம். "மிதியை மிதித்தால் தொடை பிடித்துக்கொள்கிறது" என்பதே அவர் தந்த விளக்கம். அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்து மாதங்களுக்குப் பிறகுமா என்று நாம் எண்ணினோம். பிறகு நமக்கே தொடை எலும்பின் தலைப்பகுதி இரத்த ஓட்டம் குன்றிச் சிதைந்து, செயற்கை மூட்டுப் பொருத்த நேர்ந்தது. முப்பது, நாற்பது வயதினரையும் தாக்கும் நோய் அது. அந்த நெசவாளர் கூறியது முற்றும் உண்மை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

இந்த வலி எங்கிருந்து வருகிறது? 1962-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்னும் மருத்துவர் உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் கொண்ட செயற்கை மூட்டைச் செம்மைப்படுத்தினார். அன்று முதல் இச்சிகிச்சை உலகெங்கும் பரவியது. பழுதான மூட்டு நீங்குவதால் பழைய மூட்டு வலி பெரும்பாலோருக்கு விரைவில் அகன்றுவிடுகிறது. ஆனால் மூட்டுதான் புதிது. அதைச் சுற்றியுள்ள தசைகள் பழையவை. அறுவையின்போது அவை விலக்கப்பட்டு, சில இடங்களில் வெட்டித் தைக்கவும் படுகின்றன. அதற்கு முன்பே, வலிக்கு அஞ்சி நொண்டி நடந்த காலத்தில் அவை மெலிந்துபோயிருக்கும். ஆகவே பிட்டத்திலும் தொடையிலும் இடுப்பின் முன்புறத்திலும் பிடிப்பும் சோர்வும் தோன்றுகின்றன. இடுப்பின் பக்கத் தசை முக்கியமானது. நாம் ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு கணமும் மறுபக்க இடுப்பு சரிந்துவிடாமல் தாங்குவது அதுவே. அது மெலிந்தால் நடை சாய்கிறது. சாய்ந்த நடையால் முதுகும் வலிக்கிறது. விழுதும் அச்சும் புதியனவாயினும், பாவு தளர்ந்திருந்தால் நெசவு சீராகாது என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. இத்தசைகள் முழுவலிமை பெற ஓராண்டு வரையிலும் ஆகலாம். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

இக்காலத்தில் இரு பிழைகள் நேர்கின்றன. ஒன்று, வலிக்கிறதென்று படுத்தே கிடப்பது. மற்றொன்று, ஒரு நாள் சற்று நலமாயிருந்தால் அன்றே எல்லா வேலையையும் செய்து தீர்க்க முனைவது. நாம் இரண்டையும் செய்தோம். முதல் மாதத்தில் அசையாமல் கிடந்து தொடையை மேலும் மெலிய விட்டோம். மூன்றாம் மாதத்தில் ஒரே நாளில் பஸ் ஏறி இரண்டு சங்கங்களுக்குச் சென்று, அதன் பயனாக நான்கு நாட்கள் கட்டிலில் கிடந்தோம். இயன்முறை மருத்துவர் அதன்பின் கற்பித்த அளவுகோல் எளியது: பயிற்சியின்போது சிறிது வலிக்கலாம்; மறுநாள் காலைக்குள் அது தணிந்துவிட்டால் அளவு சரி; தணியாவிடில் மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும். நடந்த தூரத்தையும் வலியையும் ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்து வந்தோம். கணக்கு எழுதுவது நமது தொழிலாதலால் அது கடினமாக இல்லை. வாரந்தோறும் பார்த்தால் முன்னேற்றம் தெரியாது. மாதந்தோறும் பார்த்தால் தெரிந்தது.

பயிற்சிகளும் எளியவையே. படுத்த நிலையில் பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், தொடையையும் பிட்டத்தையும் இறுக்கித் தளர்த்துதல், பின்னர் மருத்துவர் அனுமதித்தபோது சுவரைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் உயர்த்துதல் ஆகியவை. கைத்தடியை அறுவை நடந்த பக்கத்தில் பிடிப்பது பலர் செய்யும் தவறு. எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் பக்கத் தசையின் சுமை குறையும். நடையின் சாய்வு நீங்கும் வரையில் தடியை விட அவசரப்பட வேண்டாம். வலி மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் உட்கொள்வது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர்க்கு அது இன்னும் ஆபத்து. வலிமிகு எண்ணெய்த் தேய்ப்பும் சுளுக்கெடுப்பும் மருத்துவரைக் கேளாமல் கூடவே கூடா. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், காய்ச்சல் கண்டாலும், புண்ணில் நீர் கசிந்தாலும், திடீரெனக் காலை ஊன்ற இயலாது போனாலும் அது தசை வலி அன்று. தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி, சங்கங்கள் செய்ய வேண்டுவது யாது? குழித்தறியில் அமர்வதைக் காட்டிலும், தரைமட்டத்துக்கு இறங்கி அமர்ந்து எழுவதே புதிய மூட்டுக்குச் சோதனை. நாற்று நடுவோர்க்கும் களை எடுப்போர்க்கும் குந்தி அமர்வது அத்தகையதே. தொடக்க வாரங்களில் இவற்றைப் பல மருத்துவர்கள் தடை செய்கின்றனர். பிறகு எப்போது, எவ்வளவு என்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும். அதுவரை அந்த அங்கத்தினர்க்கு நாற்காலியில் அமர்ந்து செய்யத்தக்க வேலையைச் சங்கம் அளிக்கலாகாதா? தார் சுற்றுதல், துணியைத் தரம் பார்த்து மடித்தல், விளைபொருளைப் பிரித்தெடுத்தல், எடைக் கணக்கு எழுதுதல் முதலிய வேலைகள் இல்லாத சங்கம் உண்டோ? பாவைத் திருப்பித் தரும் தவணையையும் மருத்துவர் சான்றின்பேரில் நீட்டித்துத் தரலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வந்து அளிக்கப்படுகிறது என்பதை அங்கத்தினர்க்கு எடுத்துச் சொல்வதும் சங்கச் செயலாளரின் கடமையே.

"சங்கம் தரும சத்திரம் அன்று, வேலையின்றிக் கூலி கொடுத்தால் நஷ்டம் யாருக்கு?" என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே, தணிக்கை செய்யும் நாமும் அதைத்தான் கேட்போம். ஆனால் வேலையின்றிக் கூலி தரும்படி நாம் கேட்கவில்லை. வேறு வேலையும், சிறிது காலமும் தரும்படியே கேட்கிறோம். அவசரப்பட்டுத் தறியில் இறங்கித் தடுமாறி விழும் நெசவாளர் மீண்டும் மருத்துவமனைக்குப் போகிறார்; சில சமயம் தொழிலையே விட்டுவிடுகிறார். தேர்ந்த ஒரு நெசவாளரை உருவாக்கப் பல்லாண்டுகள் வேண்டும். ஆறு மாதம் பொறுத்திருப்பது நஷ்டமா, அவரை இழப்பது நஷ்டமா என்பதைக் கணக்கறிந்தோர் எண்ணிப் பார்க்கட்டும்.

அந்த நெசவாளரைச் சென்ற மாதம் கண்டோம். இப்போது அவர் முழு அளவு நெய்கிறார். நமது கைத்தடியைப் பார்த்து, "அவசரப்படாதீர்கள் ஐயா, எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று" என்றார். அன்று நாம் எழுதிய குறிப்பு தணிக்கை அறிக்கையில் நிலைத்துவிட்டது. அதை அழிக்க இயலாது. இனி எழுதும் குறிப்புகளில், விளக்கம் கோருமுன் அங்கத்தினரின் வீட்டுக்குச் சென்று அவர் நடையைப் பார்த்து வருவதென்று முடிவு செய்திருக்கிறோம். நிர்வாகக் குழுவினரும் அவ்வண்ணமே செய்வார்களாக.